துரையும் துண்டுத் துணியும்

ஊசிப் பெட்டியோடு உள்ளறைக்குப் போன டாக்டரம்மா, பத்து நிமிஷமாகியும் வெளியே வரவில்லை.

தையல்காரம்மாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. மிருக ஆஸ்பத்திரி மேஜை மேல் கிடந்த அவள் நாய் துரை, அவள் கையில் தலையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பஞ்சு அடைத்த தலையணை மாதிரி வயிறு உப்பியிருந்தது.

தப்பு அவளுடையதுதான். யார் துணியானாலும் முதலில் ஒரு துண்டுத் துணியில் மெஷினை ஓட்டிப் பார்க்காமல் அவள் ஊசியை இறக்க மாட்டாள். முப்பது வருஷப் பழக்கம். ஓட்டிப் பார்த்த துண்டைக் காலடியில் போடுவதும் பழக்கம். அதில் ஒன்றைத்தான் துரை விழுங்கித் தொலைத்தான். ஆபரேஷன் செய்து எடுத்துக் காட்டினார்கள். ஒரு சாண் துணியில் அவள் போட்ட நாலு வரிசைத் தையல் பிரியாமல் அப்படியே இருந்தது.

துணி வந்துவிட்டது. குடல்தான் அதற்குப் பிறகு அசைய மாட்டேன் என்றது. நாலு நாளாக நாய் வெளிக்குப் போகவில்லை. எந்த மருந்தும் கேட்கவில்லை.

பின்னங்காலில் ஊசி குத்தி, பெட்டியிலிருந்து லேசாகக் கரண்டு விட்டால் குடல் அசையலாம் என்று டாக்டரம்மா நேற்று ஒரு தடவை வைத்துப் பார்த்தார். பலனில்லை. இன்று சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டுமாம். இந்த வயசில் தாங்குவானா என்பதுதான் அவள் பயம்.

காலில் குத்தினால் வயிற்றில் என்ன ஆகப்போகிறது என்று வீட்டுக்காரர் சிரித்தார். அவள் கடவுளை வேண்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள்.

நாயைக் கம்பவுண்டரிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு எழுந்துபோய், ஒருக்களித்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார். முட்டிக்குக் கீழே இரண்டு ஊசி. அதிலிருந்து பெட்டிக்கு ஒயர். கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் திருகை மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் துரை அவர் கையில்தானே இருக்கிறான்? வாயைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

டாக்டரம்மா லேசாக நொண்டியபடி வந்து, புது ஊசிகளைப் பிரித்து நாயின் பின்னங்காலில் குத்தினார். தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துத் திருகை வைத்தார். துரை முனகக்கூட இல்லை. கால் சதை மட்டும் மெல்லத் துடித்தது.

அரை மணி நேரம் கழித்து ஸ்டெதஸ்கோப்பை அவள் காதில் மாட்டிவிட்டு, "கேளுங்க" என்றார்.

குடுகுடுவென்று தண்ணீர் ஓடுகிற சத்தம்.

ஊசியை எடுத்ததும் டாக்டரம்மா விறுவிறுவென்று மறுபடி உள்ளே போய்விட்டார். கம்பவுண்டர் நாயைப் பின்பக்கத்து மண்தரையில் இறக்கிவிட்டார். துரை மூன்று சுற்றுச் சுற்றினான். முதுகை வளைத்தான். போனான்.

நாய் போனதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் அடக்கி வைத்திருந்த கோபம் வெளியே வந்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வாயில்லாத ஜீவன் இங்க உயிருக்குப் போராடுது. அந்த நேரத்துல டாக்டரம்மா தன் முட்டி வலிக்கு வைத்தியம் பார்த்துக்கறாங்களே, இது நியாயமா?"

"முட்டி வலியா? தினம் நாலு மாடி ஓடி ஏறுறவங்கம்மா அவங்க."

"நான் என் கண்ணால பார்த்தேன்."

கம்பவுண்டர் அப்புறம்தான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். நேற்று வைத்த கரண்டு போதவில்லை, இன்று கூட்டியாக வேண்டும். எவ்வளவு கூட்டினால் சுரீரென்று வலிக்கும் என்று துரை வாயைத் திறந்து சொல்ல மாட்டான். அதனால் ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் டாக்டரம்மா முதலில் தன் காலில் வைத்துப் பார்ப்பாராம். வலி ஆரம்பிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு படி கீழேதான் பிராணிக்கு வைப்பாராம். உள்ளங்கையில் எழுதியிருந்தது அந்தக் கணக்குத்தான். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கம்பவுண்டருக்கு உத்தரவாம்.

தையல்காரம்மாவுக்கு வீட்டில் மெஷின் அடியில் கிடக்கும் துண்டுத் துணிகள் ஞாபகத்துக்கு வந்தன. கண் கலங்கிவிட்டது.

"அவங்க எங்கண்ணே? ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

கம்பவுண்டர் சாத்தியிருந்த பாத்ரூம் கதவைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. துரை வயித்தை அசைச்ச கரண்டு, அவங்க வயித்தை மட்டும் சும்மா விட்டுடுமா?"