பாதி மூடிய கம்பிவலை

தணிகாசலத்தின் இதய ரத்தக் குழாயில் அடைபட்ட இடத்தை விரித்துப் பிடிக்க டாக்டர் ஒரு கம்பிவலையை வைத்திருந்தார். குழாயின் உள்தோல் அதன்மேல் மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது.

"சீக்கிரம் மூடிடு தங்கச்சி. வெறுங்கம்பியைப் பார்த்தா ரத்தத்துல வர்ற தட்டணுங்க காயம்னு நினைச்சு மொய்ச்சு, ரத்தத்தை உறைய வச்சு அடைச்சிடும்" என்று வலை தினமும் கெஞ்சும்.

"பாதி மூடிட்டேன் அண்ணே. மீதிக்கு ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் அதுங்களை விலக்கி நிறுத்தத்தான் மாத்திரை வருதே!"

ஒருநாள் மாத்திரை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தணிகாசலம் மனைவியிடம் சொல்வது உள்ளே கேட்டது: "மாடி ஏறினாக்கூட மூச்சு வாங்கல. அந்த மாத்திரை ஒரே சூடு, வாயெல்லாம் புண்ணு. விட்டுட்டேன்."

வலை பதறியது. "சீக்கிரம், தங்கச்சி!"

"நான் வளர்ற வேகம் இவ்வளவுதான் அண்ணே" என்று உள்தோல் அழுதது.

ஐந்தாம் நாள் தட்டணுக்கள் வந்தன. "ஐயய்யோ, எவ்வளவு பெரிய காயம்! வாங்கப்பா, ஒருத்தரும் சும்மா நிக்காதீங்க!"

"காயமில்லை! நான்தான் இந்த வழியைத் திறந்து வச்சிருக்கேன்!" என்று வலை கத்தியது.

"பாவம், வலியில உளறுது" என்று ஒரு தட்டணு பரிவோடு ஒட்டிக்கொண்டது.

நல்ல மனதோடுதான் எல்லாம் உழைத்தன. ஊசிமுனை இடம் விடாமல் அடைத்துவிட்டு, அடுத்த இதயத் துடிப்புக்காகக் காத்திருந்தன. அது வரவில்லை.