மாமன் மடிக்குச் சிவப்பு

தங்கை மகளுக்குப் பெயர் வைக்கும்போது பிள்ளை மாமன் மடியில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதற்காகவே கதிரேசன் மூன்று பஸ் மாறி வந்திருந்தார். வாசலில் மாப்பிள்ளை சுகுமாரன் பசுமைக்கோலும் கையுமாக நின்றிருந்தார். பிள்ளைக்கு ஆகாததைக் கண்டால் அந்தக் கோல் சிவக்கும்; காரணத்தையும் தன் சின்னத் திரையில் எழுதிக் காட்டும்.

மாமன் சீராகக் கொண்டுவந்த பட்டுச்சட்டை சிவந்தது. மரக் கிலுகிலுப்பை சிவந்தது. ‘முழுக்க இயற்கை’ என்று நான்கு இடத்தில் அச்சடித்திருந்த சோப்பு எல்லாவற்றையும்விட நன்றாகச் சிவந்தது.

“சரி மாப்ளே, வெறுங்கையோடயே வரேன்.”

“அந்தக் கையையும் காட்டிருங்க மச்சான்.”

கோல் சிவந்தது. ‘ரத்தத்தில் பிளாஸ்டிக். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல.’

“பத்தடி தள்ளி உக்காந்து பேரை மட்டும் சொல்லுங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

கதிரேசனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நாற்பத்தெட்டு வருஷமாக அதை ரத்தம் என்றே நம்பி வந்திருந்தார். இந்த வீட்டில் எதற்குத்தான் சிவக்காது என்று பார்க்க, கோலை வாங்கித் தங்கை தோளிலிருந்த பிள்ளை பக்கம் நீட்டினார்.

‘ரத்தத்தில் பிளாஸ்டிக். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல.’

மாப்பிள்ளை கோலைப் பிடுங்கி, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி மறுபடி காட்டினார். அதே சிவப்பு. பிள்ளையை எந்தக் கடையில் திருப்பிக் கொடுப்பது என்பதுபோல் விழித்தார்.

கதிரேசன் சம்மணமிட்டு உட்கார்ந்து மடியை விரித்தார்.

“அப்படியே மாமனை உரிச்சு வச்சிருக்கா. குடும்மா இப்படி.”