பளிச்சென்ற வாய்

குடித்த தடயம் துளிக்கூட இருக்கக் கூடாது. மெர்வின் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, மவுத்வாஷை ஊற்றி மூன்றாவது முறையாக வாயைக் கொப்புளித்தான்.

"ஏனுங்க, விடிஞ்சும் விடியாமக் குடிச்சுப்போட்டு எதுக்குங்க இந்தத் திருட்டுத்தனம்?" வெளியே மனைவி ஜோஸ்லின் சத்தம் போட்டாள். "பீட்ரூட் ஜூஸ்தானே? என்னமோ சாராயம் குடிச்ச மாதிரி!"

"மெதுவாப் பேசு அம்மணி. யஷ்வந்த் காதுக்குப் போச்சுன்னா அவனும் ஆரம்பிச்சிருவான்."

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் மெர்வினுக்கும் யஷ்வந்துக்கும் ஒரே ஷிஃப்ட். வால்பாறை மலையோட்டத்துக்குக் கம்பெனி அனுப்பப்போவது ஒரே ஒருவரை. பீட்ரூட் குடித்தால் மூச்சு வாங்காமல் நெடுந்தூரம் ஓடலாம் என்று மெர்வின் எங்கோ படித்திருந்தான்.

முதல் நாளே மாட்டிக்கொள்ள இருந்தான். "என்னங்க, பல்லெல்லாம் செவந்து கெடக்குது? வெத்தலைங்களா?" என்று யஷ்வந்த் கேட்க, "ஆமாங்க" என்று சமாளித்தான். மறுநாளே யஷ்வந்த் ஒரு மவுத்வாஷ் பாட்டிலை நீட்டினான். "தெனமும் இதுல கொப்புளிங்க, பளிச்சுன்னு ஆயிரும்." தங்கமான மனுஷன் என்று மெர்வின் நினைத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் ஆயிற்று. பீட்ரூட் நறுக்கி நறுக்கி ஜோஸ்லின் கை சிவந்ததுதான் மிச்சம். ஓடும் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. வாங்குகிற மூச்சும் அதேதான்.

இன்று தேர்வு ஓட்டம், பத்து கிலோமீட்டர். எட்டாவதிலேயே மெர்வினுக்கு நுரை தள்ளியது. தட்டுத் தடுமாறி எல்லைக் கோட்டைத் தொட்டபோது, நாலு நிமிடம் முன்பே வந்துவிட்ட யஷ்வந்த் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான்.

மெர்வினுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வால்பாறை போச்சு, இனி எதை மறைத்து என்ன?

"ரெண்டு மாசமா பீட்ரூட் ஜூஸ் குடிச்சு நாக்கே செத்துப்போச்சுங்க! அத்தனையும் ஏமாத்து வேலை!"

"ஜூஸைத் திட்டாதீங்க." யஷ்வந்த் சிரித்தான். அவன் நாக்கு செக்கச்செவேலென்று இருந்தது. "நானும் அதைத்தானுங்க குடிக்கறேன். நாக்குல இருக்கற நல்ல கிருமிக ஜூஸுல இருக்கற சத்தை மாத்திக் குடுத்தாத்தான் ஒடம்புல வேலை செய்யும். மவுத்வாஷ்ல கொப்புளிச்சா அந்தக் கிருமிக செத்துருமுங்க."

மெர்வின் சட்டென்று நிமிர்ந்தான்.

"ஏனுங்க, அந்தப் பாட்டிலை வாங்கிக் குடுத்ததே நீங்கதானுங்களே?"

யஷ்வந்த் வெகு மரியாதையாகத் தலையாட்டினான்.

"தெரிஞ்சுதானுங்க குடுத்தேன்."