முதல் சாப்பாடு இலவசம்

இந்தக் காலத்தில் எவனும் எதையும் சும்மா கொடுப்பதில்லை. சும்மா கொடுக்கிறேன் என்று எவனாவது வாசலில் நின்றால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

மாடியில் குடியிருக்கிறவன் நல்ல வேலையை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கம்பெனி ஆரம்பித்திருந்தான். சந்தையில் மிஞ்சிய காய்களை வீணாக்காமல் சமைத்து, பிளாஸ்டிக் இல்லாமல் இலைப் பெட்டியில் விற்பானாம்.

"விளம்பரத்துக்கு எவ்வளவு கொட்டுன?" என்றேன்.

"பைசா செலவில்ல தாத்தா. எல்லாம் ஆள் பழக்கம்தான். ஆஸ்பத்திரியில தெரிஞ்சவங்க இருக்காங்க, ஆம்புலன்ஸ் டிரைவர் நம்ம ஃபிரெண்டு. எந்த வீட்டுல கூட்டம் சேரப்போகுதுன்னு சொல்லிடுவாங்க. முதல் சாப்பாடு இலவசம். வர்றவங்க அத்தனை பேருக்கும் நம்ம ருசி தெரிஞ்சிடும்."

"புள்ள பொறந்த வீடா?"

அவன் இலைப் பெட்டியை மடித்தான். "பாட்டி எப்படி இருக்காங்க?" என்று பேச்சை மாற்றினான்.

"மூச்சிரைப்புதான். ஆஸ்பத்திரியில மக கூடவே இருக்கா. நாளைக்கு அவள வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். உனக்கென்ன திடீர்னு அக்கறை?"

மறுநாள் மதியம், வீட்டுக்காரியைக் கூட்டிவர அவள் செருப்பைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினான். அவனுக்குப் பின்னால் வாசல் முழுக்க இலைப் பெட்டிகள்.

"யாருக்குடா இவ்வளவு?"

"அம்பது பேருக்கு வரும் தாத்தா. காசு வேணாம்."

"என் வீட்டுல என்னடா கூட்டம்?"

அவன் முகம் வெளிறிப்போனது. "அக்கா இன்னும் போன் பண்ணலையா?"

உள்ளே போன் அடித்தது.

இந்தக் காலத்துப் பயல்கள் சொல்வதையெல்லாம் நம்புகிற ஆள் நானில்லை. போனை எடுக்கவில்லை. பெட்டிகளைத் தாண்டி, செருப்புப் பையோடு ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தேன்.