இடது செருப்பு, வலது ஷூ

"புயல் வலுவிழந்து காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக மாறிவிட்டது. இருந்தாலும், கடலோரப் பகுதிகளில்…"

செய்தி வாசித்த பெண்ணை 'இருந்தாலும்' தாண்ட விடவில்லை மருந்துக்கடைக்காரர். ரிமோட்டை அமுக்கி டி.வி.யை அணைத்துவிட்டார்.

"அவ்வளவுதான் மாப்பிள்ளை, புயல் புஸ்ஸுன்னு போயிடுச்சு! காபியைக் குடிச்சுட்டுக் கிளம்புங்க. அலைத்தடுப்புச் சுவர் மேல நின்னு கடலைப் பார்க்கணும் நீங்க. நான் பார்க்காத புயலா!"

புது மாப்பிள்ளை வந்து இறங்கியதிலிருந்து இதே வீராப்புதான். மாப்பிள்ளையும் சளைத்தவர் இல்லை.

"நான் எப்பவோ ரெடி மாமா. பெரிய அலையா ஒண்ணு வரட்டும், அது முன்னால நின்னு போட்டோ எடுக்காம திரும்ப மாட்டேன்."

மகள் அழுது பார்த்தாள். எடுபடவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமியார் யாரைத் தடுப்பது என்று புரியாமல் காபி டம்ளரோடு நின்றார்.

"அந்த 'இருந்தாலும்'க்கு அப்புறம் என்ன சொல்ல வந்தாங்கன்னு கேட்டிருக்கலாம் அத்தான். போகாதீங்க" என்று சோபாவிலிருந்து ஒரு குரல் வந்தது.

போர்வைக்குள் சுருண்டிருந்த மாமியாரின் தம்பி. வேலை வெட்டி இல்லாமல் அக்கா வீட்டோடு இருப்பவர். வாசல் பக்கம், செருப்பு ஸ்டாண்டுக்கு எதிரே கிடக்கும் சோபாதான் அவருக்கு வீடு, ஆபீஸ் எல்லாம். வீட்டில் அவருக்கு 'சோபா மாமா' என்றே பெயர்.

"நீ தூங்குடா. புயல் வந்ததே உனக்கு இப்பதான் தெரியும்."

சோபா மாமா புரண்டு படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டையும் கேட்டது.

மாமனார் சட்டை மாற்றப் போனார். மாப்பிள்ளை கேமராப் பையை எடுக்கப் போனார். இருவரும் வாசலுக்கு வந்தபோதுதான் கலாட்டா ஆரம்பித்தது.

"என் இடது செருப்பு எங்கே?"

"என் வலது கால் ஷூவையும் காணோம் மாமா!"

தெருவெல்லாம் உடைந்த கண்ணாடியும் பிய்ந்து வந்த தகரமும். வெறுங்காலோடு இறங்க முடியாது. மாமனாரின் இன்னொரு ஜோடி மழையில் ஊறி வாயைப் பிளந்து கிடந்தது. மாப்பிள்ளை கொண்டு வந்ததே ஒரு ஜோடிதான். சோபா மாமாவின் செருப்போ இவர்கள் கட்டைவிரலுக்கே பத்தாது.

"போகாதேன்னு வாயைத் திறந்தது யாரு? இவன்தான்!" மாமனார் போர்வையைப் பிடித்து இழுத்தார். "எழுந்திருடா! திருட்டுப் புத்தி வேற வந்துடுச்சா உனக்கு?"

"விளையாட்டுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று மாப்பிள்ளையும் தன் பங்குக்குக் கத்தினார்.

"என் தம்பி திருடனா?" மாமியார் காபி டம்ளரை டொக்கென்று கீழே வைத்தார். "இருங்க, நானே தேடி எடுத்துத் தர்றேன். அப்புறம் பேசுங்க."

சோபாவுக்கு அடியில் பார்த்தார். பரணில் பார்த்தார். வாஷிங் மெஷின் மூடியில் கை வைத்தார்.

"தேடாதேக்கா!" சோபா மாமா அவசரமாக எழுந்து உட்கார்ந்தார். "நான்தான் எடுத்தேன். ரெண்டையும்தான். எங்க வச்சேன்னுதான் ஞாபகம் இல்ல."

மாமனாரும் மாப்பிள்ளையும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மாமனார்தான் முதலில் சுதாரித்தார்.

"காத்து நின்னதும் பெட்டியைக் கட்டு. இனிமே இந்த வீட்டுல உனக்கு இடமில்ல."

"சரி அத்தான்."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேறு போக்கிடம் இல்லாத தம்பி. ஆனால் குற்றத்தை அவனே ஒத்துக்கொண்ட பிறகு என்னவென்று பரிந்து பேசுவது?

அப்போதுதான் மாடி வீட்டு டிரைவர் தொப்பலாக நனைந்து, நடுங்கிக்கொண்டே வந்தார்.

"சார், கடலைப் பார்க்கப் போறதா சொன்னீங்களே, நல்லவேளை நீங்க வரல! அலைத்தடுப்புச் சுவர்ல பாதியைக் காணோம். ஒரே அலை! நான் பைக்கைச் சுவர் ஓரமா விட்டுட்டு, டீக்கடைப் பக்கம் நின்னதால தப்பிச்சேன். பைக் போயிடுச்சு. புயல் வலுவிழந்தா கடலும் அடங்கிடும்னு நினைச்சுட்டேன் சார்!"

அவர் மாடி ஏறிப் போனார். மாமனார் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி கேமராப் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து மாமனாரின் இடது செருப்பு வெளியே வந்தது.

"மன்னிச்சிடுங்க மாமா. எனக்குக் கடல்னாலே பயம். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க போக முடியலேன்னா நானும் தப்பிச்சுடலாம்னு…"

மாமனார் செருப்பைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மெல்ல எழுந்து போய் வாஷிங் மெஷினுக்குள் கையை விட்டு, மாப்பிள்ளையின் வலது ஷூவை எடுத்து வந்தார்.

"எனக்கு முழங்கால் தண்ணியிலயே தலை சுத்தும் மாப்பிள்ளை."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு வீரனுங்களும் சேர்ந்து என் தம்பியைத் திருடனாக்கிட்டீங்களே!"

மாமனார் கூனிக் குறுகி சோபா அருகே போனார். "டேய், நீ தூங்கலையா?"

"எங்க தூங்க விட்டீங்க? முதல்ல மாப்பிள்ளை பூனை மாதிரி வந்தார். அவர் போனதும் நீங்க வந்தீங்க. எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் குறட்டை விட்டேன்."

"அடப்பாவி! வீட்டை விட்டுப் போன்னு சொன்னப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே. எடுக்காததை எதுக்குடா எடுத்தேன்னு ஒத்துக்கிட்டே?"

சோபா மாமா போர்வையைக் கழுத்து வரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அக்கா தேடினா செருப்பு கிடைச்சிருக்கும் அத்தான். கிடைச்சிருந்தா, ரெண்டு பேரும் வெட்கத்துக்கே கடல் பக்கம் கிளம்பிப் போயிருப்பீங்க."