கண்ணாடி இலாகா

கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் தயாராக இருந்தது. கண்ணாடி மூடியை இடுக்கியில் எடுத்தவர், எடுத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பெயர்தான் கண்ணாடி. கட்டைவிரல் நீளப் பிளாஸ்டிக். மேசையில் நிற்கும் மாடல் விமானத்தில், குட்டி விமானியின் தலைக்கு மேல் அதை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

நாலு மாதமாக முடியவில்லை.

முப்பது வருடத்தில் எண்பத்தொரு விமானங்கள். இறக்கை, சக்கரம், பெயின்ட் எல்லாம் அவர். கண்ணாடி மட்டும் மரகதம். மனைவிக்கு அந்த இலாகாவை அவர் கொடுக்கவில்லை, அவளே பிடுங்கிக்கொண்டாள்.

"கண்ணாடில கை வெக்காதீங்கன்னு எத்தன தாட்டி சொல்றது?"

சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது. ஒருமுறை, வெள்ளைப் பசை காயும்வரை பொறுக்காமல் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினார். அந்தப் பசையின் புகை உள்ளே அடைபட்டு, அவர் விரல் பட்டிருந்த இடத்தில் படிந்துவிட்டது. மறுநாள் பார்த்தால், விமானியின் முகத்துக்கு நேரே அவருடைய ரேகை, வெள்ளைவெளேரென்று. துடைத்தும் போகவில்லை.

மரகதம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பருத்திக் கையுறை வாங்கி வந்தாள், தனக்கு மட்டும்.

அப்படிப்பட்டவள், ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை, இந்த மூடியை வெறும் விரலால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

அவருக்கு வாயெல்லாம் பல். "இப்ப ஆரு கை வெச்சதாமா?"

"அப்பறம் கழுவிக்கலாம், உடுங்க."

பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வரவில்லை.

மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சுற்றும்போதே துடைத்திருப்பாளோ? துடைத்திருப்பாள். சும்மா விடுகிற ஆளா அவள்?

சேலைகளை அவள் தங்கை கொண்டுபோய்விட்டாள். போட்டோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் முகம்தான் இருக்கிறது.

அவருக்கு அவள் கை வேண்டும். நாலு மாதமாக வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

சோப்புத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினார்.

மூடியை டிபன் டப்பாவுக்குள் நிறுத்தினார். பக்கத்தில் அவளுடைய காலி மாத்திரை அட்டை. அதன் குழியில் சூப்பர் க்ளூ, நாலு சொட்டு.

டப்பாவை இறுக்கி மூடினார். தெரிந்தே ஒரு கண்ணாடியைக் கெடுப்பது இதுதான் முதல் தடவை.

காப்பி போட்டார். குடிக்க மறந்தார்.

ஐந்து மணிக்குத் திறந்தார்.

இடப்பக்கம் ஒரு பெருவிரல், வெள்ளையாக. வலப்பக்கம் இரண்டு விரல்கள். ஆள்காட்டி விரலின் ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு. போன பொங்கலுக்குப் பூசணிக்காய் நறுக்கும்போது பட்ட வெட்டு.

மரகதம்தான்.

அவர் கை தானாக நீண்டது. அந்த விரலைத் தொட ஒரு நூல் இடைவெளி இருக்கும்போது நின்றது.

கையை இழுத்துக்கொண்டார்.

எழுந்து, அவளுடைய கையுறையைத் தேடப் போனார்.