பின்னறையில் ஓடிய தண்ணீர்

"காலையிலேருந்து எந்தக் குழாய் இப்படி ஓடிக்கிட்டே இருக்கு?"

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

அவரும் அம்மாவும் மகளின் வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் எதையும் தோண்டித் துருவக் கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் அவரைக் கூட்டி வந்திருந்தாள்.

"வாஷிங் மெஷினா இருக்கும். நீங்க உட்காருங்க" என்றாள் அம்மா.

"ரெண்டு பேர் துணிக்கு மூணு மணி நேரமா?"

குளியலறைக் குழாயில் பச்சை ஹோஸ் ஒன்று மாட்டியிருந்தது. தரையோடு தரையாகப் போய்ப் பின்னறைக் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது. அப்பா அதைத் தொடர்ந்து போய்க் கதவைத் தள்ளினார்.

பின்னாலேயே போன அம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மின்சார அடுப்பில் ஒரு பெரிய குக்கர். அதன் தலையிலிருந்து கிளம்பிய செப்புக் குழாய், சாய்த்து வைத்திருந்த ஒரு தடித்த குழாய்க்குள் நுழைந்து மறுமுனையில் வெளியே வந்தது. அந்த நுனிக்குக் கீழே ஒரு கண்ணாடி ஜாடி. பச்சை ஹோஸ் தடித்த குழாயின் மேல் வாயில் தண்ணீர் விட, கீழ் வாயிலிருந்து அது இன்னொரு ஹோஸ் வழியாக வாளியில் கொட்டி, நிரம்பி, அறை மூலையிலிருந்த சாக்கடைத் துளைக்குள் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை, கையில் தெர்மாமீட்டரோடு.

"சாராயம்" என்றார் அப்பா.



"திராட்சையில போட்டது மாமா. வீட்டுக்கு மட்டும்தான். மாசம் ஒரு பாட்டில்..."

"பேங்க் வேலைன்னு சொல்லிப் பொண்ணு கேட்டு வந்தீங்களே, இந்தப் பட்டறை இருக்கிறதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே."

சத்தம் கேட்டு மகள் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"துணியை எடுத்து வை" என்றார் அப்பா. "சாயந்தர பஸ்ல எங்களோட கிளம்புற. காய்ச்சுறவன் வீட்டுல என் பொண்ணு ஒரு நாள்கூட இருக்க வேண்டாம்."

"நான் வரலைப்பா. எனக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பொண்ணு பார்க்க வந்தப்பவே சொல்லிட்டார். இப்படி ஒரு கிறுக்கு எனக்கு இருக்கு, பிடிக்கலைன்னா இப்பவே வேண்டாம்னு சொல்லிடுன்னார். நான்தான் பரவாயில்லைன்னேன்."

"சொல்லிட்டா ஆச்சா? உங்கம்மாவைக் கேளு. முப்பத்திநாலு வருஷம் என்கூட இருக்கா. இந்தக் கண்றாவி நம்ம வீட்டு வாசப்படி ஏறியிருக்கான்னு கேளு."

அம்மா இல்லை என்று தலையாட்டினாள். உறவுக்காரப் பெண்கள் புருஷன் குடிப்பதைச் சொல்லி மூக்கைச் சிந்தும்போதெல்லாம், 'எங்க வீட்டுல அந்தத் தொல்லை இல்லை' என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கு ஒரு பெருமை.

"அப்பா சொல்றதைக் கேளும்மா. கிளம்பு" என்றாள்.

அப்போது செப்புக் குழாயின் நுனி புஸ்ஸென்றது. சொட்டு விழ வேண்டிய இடத்தில் ஆவி கிளம்பியது. மாப்பிள்ளை பதறி, குளியலறைக் குழாயை இன்னும் திறந்துவிட ஓடப் பார்த்தார்.

"தண்ணி பத்தாம இல்ல. நகருங்க."

சொன்னது அப்பா.

அடுப்பைக் குறைத்தார். பச்சை ஹோஸை மடக்கி நெரித்துக்கொண்டு, மேல் வாயிலிருந்து உருவி, கீழ் வாயில் செருகினார். வாளிக்குப் போன ஹோஸை மேல் வாய்க்கு ஏற்றினார். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்.

"மேலேருந்து விட்டா நிக்காம வழிஞ்சு ஓடிடும். கீழேருந்து ஏறி வந்தாத்தான் குழாய் நிறையும். இவ்வளவு தண்ணியும் வேண்டாம், சுண்டுவிரல் கனம் போதும்." புறங்கையால் தடித்த குழாயை மேலிருந்து கீழ்வரை தொட்டுப் பார்த்தார். "மேல சூடு, கீழ ஜில்லுன்னு இருக்கணும். இந்தா, வந்துடுச்சு."

ஆவி அடங்கிச் சொட்டு விழ ஆரம்பித்தது. ஜாடியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"முதல்ல வந்ததைத் தனியா எடுத்துக் கொட்டினீங்களா? கண்ணுக்கு ஆகாது."

"கொட்டிட்டேன் மாமா" என்றார் மாப்பிள்ளை, வாத்தியாருக்குப் பதில் சொல்கிற பையனைப் போல.



அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் குழாய் ஒழுகினால் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு அவளைக் கூப்பிடுகிற மனுஷர். கல்யாணமான புதிதில் ஞாயிறு தவறாமல் தொழிற்சங்க ஆபீசுக்குப் போவார். திரும்பி வரும்போது சட்டையில் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாடை அடிக்கும். போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சினோம் என்பார். பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தச் சட்டைகளைச் சோப்புப் போட்டுக் கசக்கியிருக்கிறாள். இந்த அறையிலும் அதே வாடை. அதற்கு இன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

அப்பா ஜாடியைக் கீழே வைத்தார். "ஏதோ புத்தகத்துல படிச்சதுதான்."

"படிச்சது கண்ணுதானே. ஹோஸை மாத்தி மாட்டினது கையாச்சே."

அவர் குனிந்து அடுப்பை இன்னும் கொஞ்சம் குறைத்தார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா மெல்லத் திரும்பினாள்.

"மாப்பிள்ளை, சாயந்தர பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட் போட்டுடுங்க. அவருக்கு மட்டும். நான் என் பொண்ணு வீட்டுல இருக்கேன்."